அஞ்சு பாபி ஜார்ஜ்: பாரிஸ் 6.70 பெரிதா, ஏதென்ஸ் 6.83 பெரிதா?

மணல்மேடு | திங்கள், இரவு 9.40

ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி. இங்கே தடகளம் பார்க்கிறவர்கள் நாலைந்து பேராவது இருக்கிறீர்கள், அதனால் கேட்டுவிடுகிறேன்.

அஞ்சு பாபி ஜார்ஜ் என்றதும் எல்லோரும் சொல்வது பாரிஸ் 2003. உலகத் தடகளப் போட்டியில் நீளம் தாண்டுதலில் வெண்கலம், 6.70 மீட்டர். அந்தப் போட்டியில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர் அவர். அடுத்த பதக்கத்துக்கு 19 வருஷம் ஆயிற்று, 2022-ல் யூஜின் நகரில் நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து வெள்ளி வாங்கும் வரை. அந்த வெண்கலத்தின் பெருமையை நான் குறைக்க வரவில்லை.

ஆனால் அவர் வாழ்நாளில் தாண்டிய அதிகபட்ச தூரம் பாரிஸில் வரவில்லை. ஒரு வருஷம் கழித்து ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் வந்தது. 6.83. உலகமே பார்த்துக்கொண்டிருந்த மேடையில், மிகப் பெரிய நாளில், தன்னால் முடிந்ததிலேயே பெரியதைத் தாண்டினார். கிடைத்தது ஆறாவது இடம். அவருக்கு முன்னால் இருந்த அமெரிக்காவின் மேரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்தை ஒப்புக்கொண்டு அவர் பெயர் நீக்கப்பட்ட பிறகு அது ஐந்தாவது இடமாக மாறியது.

நம் ஆட்கள் ஒலிம்பிக் போனால் தங்கள் சொந்தச் சாதனைக்கும் கீழேதான் செய்துவிட்டு வருவார்கள் என்று அப்போதெல்லாம் ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மையும்கூட. அந்தப் பேச்சை உடைத்தது இந்த 6.83. ஆனால் மறுநாள் காலை நான் வேலை பார்த்த இடத்தில் காதில் விழுந்தது என்ன தெரியுமா? "அஞ்சுவும் அவ்வளவுதானா?" அது இன்றும் எனக்குச் சுடுகிறது.

என் கட்சி இது: அஞ்சுவின் விளையாட்டு வாழ்க்கையில் உச்சம் ஏதென்ஸ்தான். பாரிஸ் அதற்கு அடுத்த படி. உங்கள் கருத்து என்ன?


ஓடுதளம் | திங்கள், இரவு 10.25

மணல்மேடு சார், உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் கட்சி மாறி நிற்கிறேன்.

டேப்பில் வரும் எண் மட்டும்தான் அளவுகோல் என்றால் போட்டியே நடத்த வேண்டாம், அவரவர் ஊரில் தாண்டி அனுப்பிவிடலாம். பாரிஸில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். இறுதிப் போட்டியில் 12 பேர். முதல் தாண்டலிலேயே அஞ்சு 6.61 போட்டு நல்ல இடத்தில் உட்கார்ந்தார். அப்புறம் மற்றவர்கள் ஒவ்வொருவராக மேலே வர ஆரம்பித்தார்கள். பிரிட்டனின் ஜேட் ஜான்சன் 6.63. இரண்டே இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசத்தில் பதக்கம் கையை விட்டுப் போகிறது. மொத்தம் ஆறு முயற்சி. ஐந்தாவதில் அஞ்சு 6.70 போட்டார்.

அந்த இடத்தில் அந்த வேலையைச் செய்வதுதான் சாம்பியன்ஷிப். தங்கம் வாங்கியது பிரான்ஸின் யூனிஸ் பார்பர், 6.99, அதுவும் சொந்த மண்ணில். அதே போட்டியில் ஹெப்டத்லானில், அதாவது ஏழு போட்டிகள் சேர்ந்த பிரிவில், வெள்ளி வாங்கிவிட்டு வந்து தாண்டியவர் அவர். வெள்ளி ரஷ்யாவின் டாட்டியானா கோடோவா, 6.74. இவர்களுக்கு நடுவில் நின்று வாங்கியது அந்த வெண்கலம்.

இன்னொன்று. 2001-ல் திருவனந்தபுரத்தில் அஞ்சு தாண்டியது 6.74. அதாவது பாரிஸில் அவர் தன் சாதனைக்கு 4 செ.மீ. குறைவாகத் தாண்டித்தான் பதக்கம் வாங்கினார். நீங்கள் சொல்லும் கணக்குப்படி பார்த்தால் அது அவருடைய சிறந்த தாண்டலே இல்லை. ஆனாலும் பதக்கம் வந்தது. ஏன்? தேவைப்பட்ட நேரத்தில் தேவைப்பட்டதைச் செய்தார்.


தாமிரபரணிக் கரை | திங்கள், இரவு 10.31

அந்த 6.74 விஷயம் எனக்கு இதுவரை உறைக்கவே இல்லை. அதே 6.74-ஐ பாரிஸில் தாண்டியிருந்தால் கோடோவாவுக்குச் சமம். அப்புறம் இருவரின் இரண்டாவது சிறந்த தாண்டலை எடுத்துப் பார்த்து வெள்ளி யாருக்கு என்று முடிவு செய்திருப்பார்கள்!


பழைய பி.டி. வாத்தியார் | செவ்வாய், காலை 6.10

அதிகாலை எழுந்து இந்த இழையைப் பார்த்தேன், நடைப்பயிற்சிக்குப் போகாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

31 வருஷம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். எத்தனை பிள்ளைகள் தாண்டியதை அளந்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ஓடுதளம் தம்பியும் மணல்மேடு தம்பியும் சென்டிமீட்டரில் பேசுகிறீர்கள், அதனால் அந்த சென்டிமீட்டர் எங்கிருந்து வருகிறது என்று சொல்லலாம் என்று தோன்றியது.

காலூன்றி எழும்பும் டேக் ஆஃப் பலகையின் அகலம் 20 செ.மீ. அளப்பது உங்கள் கால் பெருவிரல் எங்கே இருந்தது என்பதிலிருந்து இல்லை, பலகையின் மணல் பக்கத்து விளிம்பிலிருந்து. பலகையின் பின் ஓரத்தில் கால் வைத்து எழும்பியவள் 15 செ.மீ.யைச் சும்மா தானம் கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். முன் விளிம்பைத் தாண்டி ஒரு நூல் போனாலும் சிவப்புக் கொடி. முன்பெல்லாம் பெரிய போட்டிகளில் விளிம்பை ஒட்டி பிளாஸ்டிசின் என்ற மெழுகுக் களிமண் பட்டை வைத்திருப்பார்கள், ஸ்பைக்ஸ், அதாவது ஆணி வைத்த ஷூ, பட்டால் தடம் பதியும். எங்களுக்கு அதெல்லாம் ஏது? பலகைக்கு முன்னால் ஈர மணலைக் கையால் தூவி, உள்ளங்கையால் தடவிச் சமப்படுத்தி வைப்பேன். ஒவ்வொரு பிள்ளை தாண்டியதும் குனிந்து பார்ப்பேன்.

இப்போது ஏதென்ஸ் கணக்குக்கு வாருங்கள். அங்கே தங்கம் டாட்டியானா லெபெடெவா 7.07. வெள்ளியும் வெண்கலமும் 7.05: இரினா சிமாகினா, கோடோவா. நாலாவது ஆஸ்திரேலியாவின் பிரான்வின் தாம்ப்சன் 6.96. ஜோன்ஸ் 6.85. அஞ்சு 6.83. அஞ்சுவுக்கும் வெண்கலத்துக்கும் நடுவில் 22 செ.மீ. ஒரு பலகை அகலமும் இரண்டு விரல் கனமும். நீளம் தாண்டுதலில் அது சின்ன இடைவெளி இல்லை. ஓடி வரும் வேகத்தில் கொஞ்சம், கடைசி இரண்டு எட்டில் கொஞ்சம், மணலில் இறங்கும்போது காலை நீட்டுவதில் கொஞ்சம் என்று எல்லா இடத்திலும் கூட்டினால்தான் அத்தனை வரும்.

அதனால் ஏதென்ஸில் பதக்கம் கை நழுவியது என்று நான் சொல்ல மாட்டேன். அஞ்சு தன்னிடம் இருந்த அத்தனையையும் அங்கே போட்டுவிட்டார். அன்றைக்கு அதற்கு மேல் அவரிடம் எதுவும் மிச்சமில்லை. விளையாட்டு வீரரிடம் அதற்கு மேல் கேட்கக் கூடாது. இந்த வகையில் நான் மணல்மேடு பக்கம்.


நெல்லைச்சீமை | செவ்வாய், காலை 11.05

வாத்தியார் ஐயா, அந்த 7 மீட்டர்களைப் பற்றிப் பேசாமல் எப்படி இருப்பது?

கோடோவா 2005 ஹெல்சிங்கி உலகப் போட்டியில் கொடுத்த சிறுநீர் மாதிரியைப் பல வருஷம் கழித்து மறுபடி சோதித்தபோது தடை செய்யப்பட்ட மருந்து இருந்தது. லெபெடெவாவின் 2008 பெய்ஜிங் மாதிரியில் டூரினபோல் என்ற ஊக்கமருந்து. பெய்ஜிங்கில் நீளம் தாண்டுதலுக்கும் மும்முறைத் தாண்டுதலுக்கும் வாங்கிய இரண்டு வெள்ளிகளையும் 2017-ல் பிடுங்கினார்கள். ஜோன்ஸ் கதை எல்லோருக்கும் தெரியும், 2000 செப்டம்பரிலிருந்து அவர் பெற்ற முடிவுகள் அத்தனையும் ரத்து. ஏதென்ஸில் அஞ்சுவுக்கு முன்னால் இருந்த ஐந்து பேரில் மூன்று பேர் ஏதோ ஒரு கட்டத்தில் மாட்டியவர்கள். ஏதென்ஸ் மாதிரிகளை மறுபடி சோதியுங்கள் என்று அஞ்சுவும் கேட்டார், ஆஸ்திரேலியர்களும் கேட்டார்கள்.

எனக்கு இது வெறும் புள்ளிவிவரம் இல்லை. ஒரு பெண் வியர்வை சிந்தித் தாண்டிய தூரம், யாரோ ஊசி போட்டுத் தாண்டிய தூரத்துக்குப் பக்கத்தில் ஒரே பட்டியலில் நிற்கிறது என்றால் வயிறு எரிகிறது.


மணல்மேடு | செவ்வாய், மதியம் 1.15

நெல்லைச்சீமை, உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் ஒரு இடத்தில் நின்று பேச வேண்டும். கோடோவா மாட்டியது 2005 மாதிரியில். லெபெடெவா மாட்டியது 2008-ல். ஏதென்ஸ் முடிவுப் பட்டியலில் ஜோன்ஸ் பெயர் மட்டும்தான் நீங்கியது. மற்ற மூன்று பதக்கமும் இன்றும் அப்படியேதான் இருக்கின்றன. நாமாக அஞ்சு கழுத்தில் வெண்கலத்தை மாட்டிவிட முடியாது, அவருக்கும் தாம்ப்சனுக்கும் நடுவிலேயே 13 செ.மீ. இருக்கிறது.

நியாயம் கிடைத்த ஒரு இடமும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். 2005 செப்டம்பரில் மொனாக்கோவில் நடந்த உலகத் தடகள இறுதிச் சுற்று. கோடோவா முதலிடம், அஞ்சு 6.75 தாண்டி இரண்டாமிடம். கோடோவாவின் ஹெல்சிங்கி மாதிரி மாட்டியதும் அதற்குப் பிந்தைய அவருடைய முடிவுகள் நீக்கப்பட்டன. 2014-ல் அஞ்சுவின் வெள்ளி தங்கமானது. ஒன்பது வருஷம் கழித்து. அந்த நேரத்தில் அவர் போட்டிகளை விட்டு, தாயாகியும் இருந்தார். மைதானம் இல்லை, கூட்டம் இல்லை, கொடி ஏறவில்லை. வீட்டில் இருந்தபடி செய்தியாகத் தெரிந்துகொண்ட தங்கம் அது.


ஓடுதளம் | செவ்வாய், மதியம் 1.22

இது எனக்குப் புதுசு இல்லை, ஆனால் நீங்கள் சொன்ன விதத்தில் படித்ததும் தொண்டை அடைத்துவிட்டது.


சித்தூர் மீனா | செவ்வாய், இரவு 8.50

நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர்ப் பக்கம் வாழ்கிறவள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். அஞ்சுவுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயசு, அவர் 1977. அதனால் இந்தக் கதையை நான் கொஞ்சம் வேறு மாதிரி பார்க்கிறேன். அண்ணன்மார்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் நீளமாகப் போகும்.

அந்தக் காலத்தில் கேரளத்தில் ஓடுகிற பெண் குழந்தை என்றால் எல்லோர் வாயிலும் பி.டி. உஷா பெயர்தான். 1984 லாஸ் ஏஞ்சலஸில் நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தை விட்டவர். உஷாவைப் பார்த்து ஓட வந்த தலைமுறை நாங்கள். அஞ்சு கோட்டயம் மாவட்டம் சங்ஙனாச்சேரிப் பக்கம். அப்பாவுக்கு மரச்சாமான் தொழில். பள்ளியில் தடை ஓட்டம், தொடர் ஓட்டம், உயரம், நீளம் என்று எல்லாமே செய்தவர். கோருத்தோடு என்ற மலையோர ஊரில் சி.கே.எம். பள்ளிக்கூடம் இருக்கிறது. அங்கே கே.பி. தாமஸ் மாஸ்டர் பயிற்சி கொடுத்தார். அப்புறம் திருச்சூர் விமலா கல்லூரி. ஆரம்பத்தில் ஹெப்டத்லான்தான், ஏழு போட்டி. மும்முறைத் தாண்டுதலில்கூட 1999-ல் தேசிய சாதனை வைத்திருந்தார். நீளம் தாண்டுதலில் நிலைத்தது அதற்குப் பிறகுதான்.

நானும் தாண்டியவள். பெரிய ஆள் இல்லை, உபமாவட்ட அளவு. பதினாலு வயசில் நான் படித்த பள்ளியில் ஒரு நாள் கூப்பிட்டு, பத்தாம் வகுப்பு வருகிறது, இனி மைதானம் வேண்டாம் என்றார்கள். வீட்டிலும் சரி என்றார்கள். அன்று மாலை ஸ்பைக்ஸைக் கழுவிக் காய வைத்து, செய்தித்தாளில் சுற்றிப் பரணில் வைத்தேன். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை, அன்றைக்கு எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் 2003-ல் அந்த வெண்கலச் செய்தி வந்த இரவு நான் பரணில் ஏறி அந்தப் பொட்டலத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், அஞ்சுவின் கதையில் எனக்கு முக்கியமான ஆள் பாபி. ராபர்ட் பாபி ஜார்ஜ். வாலிபால் ஜிம்மி ஜார்ஜின் தம்பி, மெக்கானிக்கல் இன்ஜினியர், மும்முறைத் தாண்டுதலில் தேசிய சாம்பியன். 1998-ல் தன் விளையாட்டை நிறுத்திவிட்டு அஞ்சுவுக்கு முழுநேரப் பயிற்சியாளர் ஆனார். 2000-ல் கல்யாணம். கல்யாணத்தோடு மைதானத்துக்கு முழுக்குப் போட்ட பெண்களை எனக்கு நிறையத் தெரியும். அஞ்சுவுக்குக் காமன்வெல்த் வெண்கலம், பூசான் ஆசிய விளையாட்டுத் தங்கம், பாரிஸ், ஏதென்ஸ், மொனாக்கோ என்று வந்ததெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகுதான்.

2020 டிசம்பரில் அவர் ட்விட்டரில் எழுதியது நினைவிருக்கும். ஒற்றைச் சிறுநீரகத்தோடுதான் இத்தனையும் தாண்டியிருக்கிறார். வலி மாத்திரைகூட உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. எழும்பும் காலிலும் கோளாறு. இதையெல்லாம் சொல்லிவிட்டு, பெருமையைப் பயிற்சியாளருக்குக் கொடுத்திருந்தார். அந்த வரியைப் படித்துவிட்டு அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டேன்.

பாரிஸா ஏதென்ஸா என்றால் எனக்குப் பாரிஸ். அந்த இரவுதான் எங்கள் ஊரில் பெண் பிள்ளைகளை மறுபடி மைதானத்துக்கு அனுப்பினார்கள்.


தாமிரபரணிக் கரை | செவ்வாய், இரவு 9.12

மீனா அக்கா, இதை எழுதியதற்கு நன்றி. வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.


காற்றுமானி | செவ்வாய், இரவு 11.30

இந்த இழையில் மைக் பவல் பெயர் வராமல் இருப்பது சரியில்லை. பாரிஸுக்கு முன்னால் அஞ்சுவும் பாபியும் அமெரிக்கா போய்ப் பவலிடம் கொஞ்ச காலம் பயிற்சி எடுத்தார்கள். நீளம் தாண்டுதலில் உலக சாதனைக்காரர் பவல். 8.95 மீட்டர், டோக்கியோ, 1991 ஆகஸ்ட் 30.

தேதியைக் கவனியுங்கள். அஞ்சு பாரிஸில் வெண்கலம் வாங்கியதும் ஆகஸ்ட் 30. சரியாக 12 வருஷம் கழித்து. இருவருக்கும் அது ஐந்தாவது முயற்சியில் வந்தது.

டோக்கியோவில் பவலுக்கு எதிரே நின்றவர் கார்ல் லூயிஸ். நீளம் தாண்டுதலில் பத்து வருஷமாகத் தோல்வியே காணாதவர், தொடர்ந்து 65 வெற்றி. அதற்கு முன் மோதிய 15 தடவையும் பவலை ஜெயித்தவர். அன்று நாலாவது முயற்சியில் லூயிஸ் 8.91 தாண்டினார். 1968 மெக்சிகோவில் பாப் பீமன் தாண்டிய 8.90-ஐ விட ஒரு சென்டிமீட்டர் அதிகம். ஆனால் பின்னாலிருந்து காற்று விநாடிக்கு 2.9 மீட்டர், சாதனைக்கு அனுமதி 2.0 வரைதான். அடுத்த சுற்றில் பவல் 8.95, காற்று 0.3. மனிதர் அதை உட்கார்ந்து ரசிக்கவும் முடியாது, லூயிஸுக்கு இன்னும் முயற்சிகள் பாக்கி. 8.87, 8.84 என்று வந்தன. எட்டவில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். இத்தனை பெரிய ஆளுக்கு ஒலிம்பிக் தங்கம் கிடையாது. 1988 சியோலில் வெள்ளி, 1992 பார்சிலோனாவில் 3 செ.மீ. வித்தியாசத்தில் மறுபடி லூயிஸிடம் வெள்ளி, 1996 அட்லாண்டாவில் காயத்தோடு ஐந்தாமிடம். ஆனால் பவல் பெயரைச் சொன்னால் யாரும் "ஒலிம்பிக் தங்கம் இல்லையே" என்று ஆரம்பிப்பதில்லை. 8.95 என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நாம் மட்டும் ஏன் அஞ்சு பெயரைச் சொன்னதும் 6.83 என்று ஆரம்பிப்பதில்லை? மணல்மேடு சார் கேட்டதற்கு என் பதில் இதுவே.


ஓடுதளம் | புதன், காலை 9.20

காற்றுமானி, நல்ல வாதம். ஆனால் 8.95 உலக சாதனை, 6.83 இந்திய சாதனை. பெண்கள் உலக சாதனை 7.52, 1988-ல் லெனின்கிராடில் கலினா சிஸ்த்யகோவா தாண்டியது. உலகம் பவலை எண்ணால் நினைக்கிறது, அஞ்சுவை பாரிஸால் நினைக்கிறது. இரண்டும் அவரவருக்கு நியாயமான அடையாளம்தான்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். அந்த 6.83 இருபது வருஷம் தாண்டியும் இந்திய சாதனையாக நிற்கிறது என்பது என்னை யோசிக்க வைக்கிறது. ஆட்கள் வராமல் இல்லை. 2010 டெல்லி காமன்வெல்த்தில் பிரஜுஷா வெள்ளி, 6.47. 2018 ஆசிய விளையாட்டில் நீனா வரக்கில் வெள்ளி, 6.51. அதற்கடுத்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஆன்சி சோஜன் வெள்ளி, 6.63. மூவரும் மலையாளிகள். ஷைலி சிங் 2023-ல் பெங்களூரில் 6.76 வரை வந்துவிட்டார். அதற்கு மேல் போவதுதான் யாருக்கும் கை கூடவில்லை.


தாமிரபரணிக் கரை | புதன், காலை 10.02

ஷைலி பற்றி ஒரு வார்த்தை. ஜான்சிக்காரப் பெண், அம்மா தையல் வேலை செய்து வளர்த்தவர். கண்டுபிடித்துக் கொண்டுவந்தவர் பாபி. பயிற்சி பெங்களூரில் அஞ்சுவின் அகாடமியில். 2021 நைரோபியில் 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் 6.59 தாண்டினார். ஸ்வீடன் பெண் 6.60. ஒரே ஒரு சென்டிமீட்டரில் வெள்ளி. அதே வருஷக் கடைசியில் உலகத் தடகளச் சங்கம் அஞ்சுவுக்கு அந்த ஆண்டின் சிறந்த பெண் விருதைக் கொடுத்தது, தாண்டியதற்காக இல்லை, இளம் பெண்களை வளர்த்தெடுப்பதற்காக.

ஆண்கள் பக்கம் எங்கள் மாவட்டத்துப் பையன் ஜெஸ்வின் ஆல்ட்ரின் இருக்கிறான், முதலூர். 2023 மார்ச்சில் பெல்லாரிப் பக்கம் 8.42 தாண்டி தேசிய சாதனை வைத்தான். பாலக்காட்டு ஸ்ரீசங்கரின் சாதனை 8.41. இருவரும் மாறி மாறித் தள்ளிக்கொண்டு போகிறார்கள். அஞ்சுவுக்கு அப்படி ஒரு ஆள் இந்தியாவில் பக்கத்தில் நிற்கவே இல்லை. இங்கே தனியாகத் தாண்டிப் பழகிவிட்டு, வெளிநாட்டில் போய் ஏழு மீட்டர்க்காரர்களோடு நின்றார்.


நெல்லைச்சீமை | புதன், மதியம் 12.40

எனக்கு இன்னும் ஆறாத இடம் பெய்ஜிங் 2008. தகுதிச் சுற்றில் மூன்று முயற்சியும் பவுல், பலகை விளிம்பைத் தாண்டிக் கால் வைத்ததால் செல்லாமல் போனவை. ஏதென்ஸில் 6.83 தாண்டியவர், நாலு வருஷம் கழித்து ஒரு தூரம்கூடப் பதிவாகாமல் வெளியே வந்தார். அது எப்படி நடக்கும் வாத்தியார் ஐயா? அத்தனை அனுபவம் இருந்துமா?


பழைய பி.டி. வாத்தியார் | புதன், மாலை 5.30

தம்பி, அனுபவத்துக்கும் பவுலுக்கும் சம்பந்தமே இல்லை. லூயிஸும் பவுல் செய்வார், பவலும் செய்வார்.

நீளம் தாண்டுகிறவர் சுமார் 35, 40 மீட்டர் ஓடி வருகிறார். பதினெட்டு, இருபது எட்டு. உடம்பில் இருக்கிற முழு வேகம். அந்த வேகத்தில் வந்து 20 செ.மீ. பலகையில் ஒரு காலை வைக்க வேண்டும், அதுவும் குனிந்து பலகையைப் பார்க்காமல். பார்த்தால் தலை தொங்கும், இடுப்பு உடையும், தூரம் போய்விடும். ஒவ்வொரு எட்டிலும் ஒரு சென்டிமீட்டர் கூடினால் போதும், இருபதாவது எட்டில் ஒரு பலகை அகலம் முன்னால் போய் நிற்பீர்கள். பின்காற்று அடித்தால் எட்டு நீளும். உடம்பு அன்றைக்குத் துள்ளலாக இருந்தாலும் நீளும். தகுதிச் சுற்றில் மூன்றே முயற்சி. முதல் பவுலுக்கு அப்புறம் ஆரம்பக் குறியைப் பின்னால் தள்ளுகிறோம், இரண்டாவதும் பவுல் என்றால் மூன்றாவதில் பத்திரமாக ஓடுவதா முழு வேகத்தில் போவதா? பத்திரமாக ஓடினால் தகுதி தூரம் வராது. அந்த மூன்றாவது ஓட்டத்துக்கு முன்னால் ஓடுதளத்தின் கோடியில் தனியாக நிற்பதைப் போன்ற தனிமை வேறு எந்த விளையாட்டிலும் நான் பார்த்ததில்லை.

மணலிலும் போகும். ஒரு வட்டாரப் போட்டியில் நான் நடுவர். ஒரு பெண் பிள்ளை, நீளமான இரட்டைப் பின்னல். அருமையாகத் தாண்டினாள், மணலில் காலை நீட்டி இறங்கி உட்கார்ந்து எழுந்தாள். நான் குனிந்து பார்த்தால் பின்பக்கத் தடத்துக்கும் இன்னும் ஒரு சாண் பின்னால், மெல்லிசாக ஒரு கீறல். ரிப்பன் நுனி. உடம்போடு சேர்ந்தது எது மணலைத் தொட்டாலும் பலகைக்கு மிக அருகில் உள்ள தடத்திலிருந்துதான் அளக்க வேண்டும், விதி அது. அளந்து சொன்னேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. போய் நின்று இரண்டு பின்னலையும் சுற்றிக் கொண்டையாக முடிந்துகொண்டு அடுத்த முறை வந்தாள். அந்தப் போட்டியில் ஜெயித்தாளா என்பது மறந்துவிட்டது. கொண்டை போட்டுக்கொண்டு நின்றது மட்டும் மறக்கவில்லை.


கூடலூர்க்காரன் | புதன், இரவு 8.15

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வாத்தியார் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும்.

என் மகளுக்கு 13 வயசு. 100 மீட்டர் ஓடுவாள். இந்த வருஷம் லாங் ஜம்ப் தாண்டப் பார்க்கிறாள். தினமும் ஒரு இடத்திலிருந்து ஓடுகிறாள், ஒரு நாள் பலகைக்கு முன்னால் நிற்கிறாள், ஒரு நாள் தாண்டிப் போய்விடுகிறாள். பள்ளியில் சொல்லித்தர ஆள் இல்லை. அஞ்சு வீடியோ போட்டுக் காட்டினேன், திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். எங்கிருந்து ஆரம்பிப்பது?


பழைய பி.டி. வாத்தியார் | புதன், இரவு 9.05

மணலை மறந்துவிடுங்கள். முதலில் வெறும் ஓட்டம்.

பலகையில் அவள் எழும்பும் காலை வைத்து நிறுத்தி, மணலுக்கு முதுகைக் காட்டி, ஓடுதளத்தில் திரும்பி ஓடச் சொல்லுங்கள். 13 வயசுக்கு 12 எட்டு போதும். பன்னிரண்டாவது எட்டில் கால் விழும் இடத்தைச் சுண்ணாம்பால் குறியுங்கள். பத்து தடவை ஓடவிடுங்கள், பத்துக் குறி கிடைக்கும். எங்கே கூட்டமாக விழுகிறதோ அங்கே ஒரு கல் வையுங்கள். அதுதான் அவளுடைய ஆரம்பக் குறி. பலகையிலிருந்து அதுவரை டேப்பால் அளந்து நோட்டில் எழுதி வையுங்கள். தினமும் தேதி போட்டு எழுத வேண்டும், காற்று எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்து.

அப்புறம் அந்தக் கல்லிலிருந்து பலகைக்கு ஓடட்டும், தாண்டாமல் மணலில் ஓடியே போகட்டும். நீங்கள் பலகைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கால் எங்கே விழுகிறது என்று மட்டும் பாருங்கள். அவளிடம் பலகையைப் பார்க்காதே என்று சொல்லுங்கள், எதிரே ஒரு மரத்தைக் காட்டி அதைப் பார்த்து ஓடச் சொல்லுங்கள். முதல் எட்டு எப்போதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு நாள் நடந்து வந்து ஆரம்பிப்பது, ஒரு நாள் நின்ற இடத்திலிருந்து ஆரம்பிப்பது என்று மாற்றினால் எல்லாம் குழம்பிவிடும்.

தாண்டுவது இரண்டு வாரம் கழித்து. குழியை ஒரு முறை மண்வெட்டியால் கொத்தி, கல் கண்ணாடி பொறுக்கி, தண்ணீர் தெளித்து வையுங்கள். காய்ந்து இறுகிய மணலில் பிள்ளையை இறக்கக் கூடாது.


சித்தூர் மீனா | புதன், இரவு 9.20

கூடலூர் அண்ணா, அவளுக்கு ஷூ என்ன அளவு? என் மகளுக்குச் சின்னதாகிப் போன ஸ்பைக்ஸ் ஒரு ஜோடி இருக்கிறது, நல்ல நிலையில். தனிமடலில் முகவரி அனுப்புங்கள்.


கூடலூர்க்காரன் | புதன், இரவு 9.48

அஞ்சாம் நம்பர் அக்கா. அனுப்புகிறேன். ஐயா, சனிக்கிழமை காலை டேப்பும் சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போகிறோம். பத்துக் குறி எங்கே விழுந்தது என்று இங்கேயே எழுதுகிறேன்.